காலி மனையைப் பசுமையாக்க நினைக்கும் இளைஞர்கள் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: நிழல்தேடி

அனைவருக்கும் வணக்கம். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், மரங்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு நகரப் பகுதியில் நாங்கள் வாழ்கிறோம். பள்ளி இறுதி வகுப்பில் படிப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் புதிதாக வேலைக்குச் செல்பவர்களுமாகப் பதினான்கு பேர் சேர்ந்து, எங்கள் தெருமுனையில் பல ஆண்டுகளாகக் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடக்கும் ஒரு காலி மனையைப் பசுமையாக்க முடிவு செய்திருக்கிறோம். பகல் இரண்டு மணிக்கு அந்தத் தெருவில் நடந்தால், தகரக் கூரைகளிலிருந்தும் சிமெண்ட் தரையிலிருந்தும் எழும் வெக்கை முகத்தில் அடிக்கிறது. அதே நகரத்தில், பேருந்தில் இருபது நிமிடம் சென்றால், இரு பக்கத்துக் கிளைகளும் தலைக்கு மேலே கைகோத்து நிற்கும் சாலைகள் இருக்கின்றன.

எங்கள் திட்டம் இதுதான். ஒரு நாற்றங்கால் இருநூறு மரக்கன்றுகளை இலவசமாகத் தர முன்வந்திருக்கிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மனையைச் சுத்தம் செய்து அத்தனையையும் நட்டுவிடலாம் என்று நினைத்தோம். நெருக்கமாக நட்டு விரைவில் காடாக்கும் மியாவாக்கி முறையே சிறந்தது என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். மனை யாருடையது என்பது எங்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இதுவரை யாரும் வந்து உரிமை கோரியதில்லை.

சென்ற வாரம் அளவெடுக்கப் போனபோது, மனையை ஒட்டிய வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி வாசலில் நின்றபடி, "நட்டுவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள், பெருக்குவதும் பாம்புக்குப் பயப்படுவதும் நான்தானே?" என்று கேட்டார். அந்த வார்த்தை எங்களை மிகவும் வருத்தியது. நல்லது செய்ய வந்தவர்களிடம் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று அன்று மாலை முழுவதும் எங்களுக்குள் விவாதித்தோம். அவருக்கு என்ன பதில் சொல்வது, எத்தனை கன்றுகள் நடுவது, நிலத்திற்கு யாரிடம் அனுமதி பெறுவது ஆகியவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: மண்வெட்டி

உங்கள் கேள்வியைப் படித்ததும், பத்தொன்பது வயதில் நான் செய்த ஒரு தவறு கண்முன் வந்து நின்றது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் நட்டோம். அறுபது கன்றுகள், நாற்பது பேர், நிறையப் புகைப்படங்கள். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தபோது பதினொன்று மட்டுமே உயிரோடு இருந்தன. காய்ந்து நின்ற ஒரு கன்றின் தண்டை நகத்தால் சுரண்டினேன். உயிர் இருந்தால் பட்டைக்கு அடியில் ஈரமான பச்சை தெரியும்; எனக்குத் தெரிந்தது பழுப்பு மட்டுமே. பிடித்து இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. மண்ணை உதறிப் பார்த்தால், நாற்றங்காலின் கறுப்பு நெகிழிப் பை பாதி கிழிந்த நிலையில் அப்படியே வேரைச் சுற்றி இருந்தது. வேர்கள் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே வட்டமடித்து, கயிறு போல முறுக்கிக்கொண்டிருந்தன. வேறொரு கன்று பிழைத்திருந்தது; ஆனால் முட்டுக்கொம்போடு சேர்த்துக் கட்டிய நைலான் கயிற்றை யாரும் அவிழ்க்காததால், அது தண்டை இறுக்கி உள்ளே இறங்கியிருந்தது. அந்தக் கன்றுகள் பட்டுப்போனது எங்கள் அவசரத்தினால்தான். வறட்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே எண்ணிக்கையைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: வாரந்தோறும் உங்களால் தண்ணீர் ஊற்ற முடிகிற எண்ணிக்கைக்கு மேல் ஒரு கன்றுகூட நடாதீர்கள். மண்ணோடு வேர் பிடிக்கும் வரை, அதாவது முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், கன்று மழையை மட்டும் நம்பி நிற்காது. வெயில் காலத்தில் ஒரு கன்றுக்கு ஒரு முறைக்கு ஒரு வாளி, சுமார் பத்து முதல் பதினைந்து லிட்டர், மெதுவாக இறங்கும்படி ஊற்ற வேண்டும். இருநூறு கன்றுகள் என்றால் ஒரு முறைக்கு இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் ஆகிறது. அந்தத் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வரும், எத்தனை பேர் சுமப்பார்கள், தேர்வுக் காலத்தில் யார் சுமப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் உங்கள் எண்ணிக்கை தானாகவே இருபதுக்கு இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. நியூயார்க்கில் நடப்பட்ட பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் சாலையோர மரங்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தபோது, உயிரோடு இருந்தவை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். அக்கம்பக்கத்தார் பராமரித்த அடையாளம் இருந்த மரங்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தன. வசதியும் துறைசார் பணியாளர்களும் உள்ள ஒரு நகரத்தின் நிலையே இது.

நடும் முறையில் நாங்கள் பிழை செய்த இடங்களை மட்டும் சொல்கிறேன். குழியை வேர்க்கட்டியின் உயரத்திற்கு மேல் ஆழப்படுத்த வேண்டாம். அகலத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டுங்கள், ஏனென்றால் இளவேர்கள் பக்கவாட்டில்தான் முதலில் ஓடும். பையை முழுவதுமாகக் கிழித்து எடுத்து, வட்டமடித்த வேர்களை விரலால் பிரித்து விடுங்கள் அல்லது வெட்டி விடுங்கள். தண்டு வேராக விரியத் தொடங்கும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் பட்டை அழுகும். காய்ந்த இலை, மரத்தூள் போன்றவற்றால் ஒரு விரல் நீள உயரத்திற்கு மூடாக்கு போடுங்கள், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். முட்டுக்கொம்பில் துணிப் பட்டையால் தளர்வாகக் கட்டி, ஓராண்டுக்குள் அவிழ்த்துவிடுங்கள். காற்றில் சற்று ஆடும் கன்றுக்குத்தான் தண்டு தடிக்கும்.

மியாவாக்கி முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த அந்த முறை, அந்தந்த மண்ணுக்குரிய இனங்களைச் சதுர மீட்டருக்கு மூன்று கன்றுகள் என்ற அளவில் நெருக்கி நட்டு, ஒளிக்காகப் போட்டியிட்டு உயர வைப்பது. தரிசாகக் கிடக்கும் ஓரங்களுக்கும் தொழிற்சாலை எல்லைகளுக்கும் அது மிகப் பொருத்தமானது. ஆனால் முதல் சில ஆண்டுகள் அது ஆள் நுழைய முடியாத, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாத ஒரு புதராகவே இருக்கும். பாட்டி பாம்பு என்று சொன்னது அந்தப் புதரைத்தான். நிழலில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பது உங்கள் தெருவின் தேவையாக இருந்தால், உயரே கிளை பரப்பும் சில மரங்களும் கீழே பார்வையை மறைக்காத வெளியும்தான் உங்களுக்கு ஏற்றவை.

மறுமொழி: ஆய்வுக்கூடம்

மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடிபாடு கொட்டிய மனையில் பழைய வண்ணப்பூச்சிலிருந்து உதிர்ந்த ஈயமும், வாகனப் புகையிலிருந்து பல பத்தாண்டுகளாகப் படிந்த ஈயமும் இருக்கக்கூடும். ஈயம் மண்ணில் கரைந்து மறைந்துவிடாது, மேல் அடுக்கிலேயே தங்கிவிடும். மண்ணைக் கிளறும் கையிலும் காற்றில் எழும் தூசியிலும் அது உடலுக்குள் போகிறது; சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. மனையின் ஐந்தாறு இடங்களிலிருந்து ஒரு சாண் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, ஆய்வகத்தில் ஈயத்தையும் கார அமிலத் தன்மையையும் சோதியுங்கள். முடிவு வரும் வரை சிறு பிள்ளைகளை மண் வேலையில் சேர்க்க வேண்டாம். அளவு அதிகமாக இருந்தாலும் திட்டத்தைக் கைவிடத் தேவையில்லை: வேறிடத்து நல்ல மண்ணை உயர்த்திய பாத்திகளில் நிரப்பலாம், வெற்று மண்ணைப் புல்லாலும் மூடாக்காலும் மூடலாம். உண்ணும் செடிகளை, முக்கியமாகக் கீரைகளையும் கிழங்குகளையும், அந்த மண்ணில் நேரடியாகப் பயிரிடாமல் இருந்தால் போதும்.

மறுமொழி: பழையபதிவேடு

பாட்டியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த இழையில் மிக முக்கியமான வரி அதுதான் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் 2011 முதல் 2014 வரை ஒரு தன்னார்வ அமைப்பு வீட்டு வாசல்களில் இலவசமாக மரம் நட முன்வந்தது. வாய்ப்புப் பெற்ற ஏறத்தாழ 7,500 குடியிருப்பாளர்களில் 1,800-க்கும் மேற்பட்டோர், அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒருவர், "எங்களுக்கு மரம் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். இவர்களுக்கு மரத்தின் அருமை தெரியவில்லை என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். பின்னர் ஆய்வாளர்கள் நேரில் சென்று கேட்டபோது, மரத்தின் பயன்களை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். நகராட்சி பல ஆண்டுகளாகத் தங்கள் தெரு மரங்களைக் கவனிக்காமல் விட்டதையும், பட்டுப்போனவற்றை நீக்காமல் போட்டிருந்ததையும் அவர்கள் மறக்கவில்லை. எந்த மரம், எந்த இடம், பிறகு யார் பொறுப்பு என்று யாரும் தங்களைக் கேட்கவில்லை என்பதே அவர்களின் மனக்குறை. உங்கள் பாட்டி கேட்டதும் இதையேதான். அவரை உங்கள் எதிர்ப்பாளராக எண்ணாதீர்கள். அந்த மனையை உங்கள் அனைவரையும்விட அதிக ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது, இரவில் யார் குப்பை கொட்ட வருகிறார்கள், எந்த இடத்தில் மாலை வெயில் விழுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நிலத்தைப் பொறுத்தவரை, "யாரும் உரிமை கோரவில்லை" என்பதை நம்பி ஒரு கன்றுகூட நட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய தோழர்களும் நியூயார்க்கின் பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் குப்பை நிறைந்த ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். அவர்கள் அதோடு நிற்காமல், அடுத்த ஆண்டே அந்த இடத்தை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு நகர நிர்வாகத்திடமிருந்து முறைப்படி பெற்றார்கள். அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அதே நகரத்தில் அதைப் பார்த்து உருவான எத்தனையோ தோட்டங்களுக்கு அத்தகைய உறுதி இல்லை. 1999-இல் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நகர நிர்வாகம் ஏலத்திற்குக் கொண்டுவந்தபோது, இரண்டு அறக்கட்டளைகள் கடைசி நேரத்தில் விலை கொடுத்து வாங்கியதால்தான் அவை தப்பின. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் தென்மத்தியப் பகுதியில் பதினான்கு ஏக்கரில் சுமார் 350 குடும்பங்கள் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் பயிரிட்ட நிலமோ, உரிமை வழக்கில் கைமாறி, 2006-இல் இயந்திரங்களால் அழிக்கப்பட்டது. வளர்ந்த மரங்கள் சாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. எனவே முதலில் நில ஆவணங்களைப் பாருங்கள். உரிமையாளர் தனியாராக இருந்தாலும் நகராட்சியாக இருந்தாலும், ஐந்தாண்டுக்குக் குறையாத ஓர் எழுத்துமூல ஒப்புதல் பெறுங்கள். மண்ணடிக் குழாய்களும் தலைக்கு மேல் செல்லும் மின்கம்பிகளும் எங்கே உள்ளன என்பதையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

உங்கள் வயதுடையவர்களால் இது முடியுமா என்ற ஐயம் உங்களுக்கு இருக்கலாம். நியூயார்க்கின் தென் பிராங்க்ஸ் பகுதியில், 1987-இல் மூடப்பட்ட ஒரு கான்கிரீட் ஆலை ஆற்றங்கரையில் பாழடைந்து கிடந்தது. அந்தப் பகுதியின் இளைஞர் அமைப்பு ஒன்று, அந்த நிலம் தனியாருக்கு விற்கப்படாமல் தடுக்கப் போராடியது. கூட்டங்களில் பேசியவர்களிலும் பூங்காவின் வரைபடத்தைத் தீட்ட உட்கார்ந்தவர்களிலும் பள்ளி மாணவர்கள் இருந்தார்கள். 2009-இல் அது பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பழைய ஆலையின் கோபுரங்களை இடிக்காமல் வண்ணம் பூசி அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இளைஞர்கள் அதற்காகப் பல ஆண்டுகள் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார்கள். இதை உங்கள் தோழர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் தெருவின் வெக்கை கற்பனையல்ல என்பதற்கும் சான்று இருக்கிறது. 1930-களில் வீட்டுக்கடன் வரைபடங்களில், கடன் கொடுப்பது ஆபத்து என்று சிவப்பு வண்ணமிட்டு ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளை 108 அமெரிக்க நகரங்களில் ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, அவற்றின் தரைப்பரப்பு மற்றப் பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 செல்சியஸ் பாகை கூடுதலாகச் சூடாக இருப்பதைக் காட்டியது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ மேசையில் உட்கார்ந்து தீட்டிய கோடு இன்றைக்கும் தரையில் சூடாகத் தெரிகிறது. அனுமதி கேட்கப் போகும்போது, உங்கள் தெருவிலும் அந்த மரச் சாலையிலும் ஒரே நாள், ஒரே நேரத்தில் வெப்பநிலையை அளந்து எழுதிய தாளைக் கையில் கொண்டு செல்லுங்கள். அப்போது உங்கள் கோரிக்கையை அழகுக்காகக் கேட்பது என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

மறுமொழி: மண்வெட்டி

பழையபதிவேடு எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிலடெல்பியாவில் 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, சிலவற்றைப் பசுமையாக்கி, சிலவற்றில் குப்பையை மட்டும் அகற்றி, மீதியை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, பசுமையாக்கப்பட்ட மனைகளின் அருகில் வாழ்ந்தவர்களில் மனச்சோர்வை உணர்வதாகச் சொன்னோர் 41.5 விழுக்காடு குறைந்தனர்; குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் அப்படிக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அங்கே அவர்கள் செய்தது மிக எளிமையானது: இடிபாட்டை அகற்றி, நிலத்தைச் சமன்படுத்தி, புல் விதைத்து, சில மரங்களை நட்டு, இடுப்பளவுக்கும் தாழ்ந்த ஒரு மரவேலி போட்டார்கள். வேலியில் மனிதர் நுழைய வழி விட்டார்கள். வண்டி உள்ளே வந்து குப்பை கொட்ட முடியாது, பாட்டி உள்ளே வந்து உட்காரலாம். நான் பல ஆண்டுகள் பூட்டிய கம்பிவலைகளோடு மல்லாடிய பிறகே இந்தத் தாழ்ந்த வேலியின் அறிவை உணர்ந்தேன்.

மறுமொழி: மாலைவகுப்பு

இளைஞர் குழுக்களோடு பணிபுரியும் ஆசிரியை என்ற முறையில் ஒரு கவலையைப் பகிர்கிறேன். பதினான்கு பேரில் பாதிப் பேர் இரண்டு ஆண்டுகளில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போய்விடுவார்கள். இது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் கன்று மூன்றாண்டு கவனிப்பைக் கேட்கிறது. எனவே முதல் நாளிலிருந்தே ஒவ்வொருவரும் தம்மைவிட இளைய ஒருவரை உடன் அழைத்துச் செல்லும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். எந்தக் கன்று எப்போது நடப்பட்டது, எப்போது தண்ணீர் ஊற்றப்பட்டது என்பதை ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதி, அந்த நோட்டு ஒருவர் வீட்டுக்குள் முடங்காமல் பொது இடத்தில் இருக்கும்படி செய்யுங்கள்.

இன்னொன்று, உழைப்புக்குக் கூலி. வசதி குறைந்த பகுதியின் பிள்ளைகள் மட்டும் தங்கள் பகுதியின் வெப்பத்தைத் தாங்களே இலவசமாகத் தணித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வசதியான பகுதிகளின் சாலை மரங்களைச் சம்பளம் பெறும் பணியாளர்கள்தான் கவனிக்கிறார்கள். கொலம்பியாவின் மெடலின் நகரம் முப்பது பசுமை வழித்தடங்களை அமைத்தபோது, பின்தங்கிய சூழலிலிருந்து வந்த 75 பேருக்குப் பயிற்சி அளித்து நகரத் தோட்டப் பணியாளர்களாக வேலை கொடுத்தது. சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன், 2020-இல் தொடங்கிய பத்து லட்சம் மரங்கள் திட்டத்தில், கன்றுகளை நடுவதற்கு மட்டுமன்றி, அவை உயிரோடு இருப்பதைக் கைப்பேசிச் செயலியில் தொடர்ந்து பதிவு செய்வதற்கும் குடியிருப்பாளர்களுக்குப் பணம் கொடுத்தது. நகராட்சியிடம் நில ஒப்புதலோடு சேர்த்து, கோடை மாதங்களில் தண்ணீர் ஊற்றும் இருவருக்காவது ஊதியம் கேளுங்கள். மறுத்தாலும், கேட்டது பதிவாகட்டும்.

மறுமொழி: நிழல்தேடி

பதில் எழுதிய அனைவருக்கும் எங்கள் குழுவின் சார்பில் உளமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

நில ஆவணங்களைத் தேடியதில் மனை நகராட்சிக்குச் சொந்தமானது என்று தெரிந்தது. வெப்பநிலையை மூன்று நாட்கள், பகல் இரண்டு மணிக்கு, இரண்டு இடங்களிலும் ஒரே வகைக் கருவியால் அளந்து, அந்தத் தாளோடு மனு கொடுத்திருக்கிறோம். ஐந்தாண்டு ஒப்புதலும், கோடையில் இருவருக்கு ஊதியமும் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. மண் மாதிரியை ஆய்வகத்திற்கு அனுப்பிவிட்டோம். நாற்றங்காலிடம், இருநூறுக்குப் பதிலாகப் பதினெட்டுக் கன்றுகள், ஒரே இனமாக இல்லாமல் ஆறு இனங்களில், ஒப்புதல் வந்த பிறகு போதும் என்று சொல்லியிருக்கிறோம். எங்களில் மூவருக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது. மண்வெட்டி அவர்கள் எழுதிய நெகிழிப் பையின் கதையைப் படித்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

பாட்டியைச் சந்திக்க இருவர் மட்டும் போனோம். எங்கள் திட்டத்தை விளக்காமல், அந்த மனையில் என்ன இருந்தால் உங்களுக்கு நல்லது என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு மனைக்கு வந்தார். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் மூலையைக் காட்டினார். அங்கே நட்டால் வேர் அழுகும் என்றார். தன் சன்னலுக்கு நேரே பெரிய மரம் வேண்டாம், மேற்குப் பக்கச் சுவரோரம் வரிசையாக இருந்தால் மாலை வெயில் தெருவில் விழாது என்றார். பின் கட்டில் குடியிருப்பவர்கள் குடத்தோடு நடக்கும் ஒற்றையடிப் பாதையைக் காலால் கோடு இழுத்துக் காட்டி, அதை அடைத்துவிடாதீர்கள் என்றார். எங்கள் அளவுநாடாவும் தாளும் கவனிக்காத அந்தப் பாதையைச் சுற்றித்தான் இப்போது வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீர் நோட்டைப் பொது இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். அவர் வாசல் திண்ணையில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் மாட்டிவைக்கச் சொல்லியிருக்கிறார்.